இழுவைப் படகின் பதினொரு விநாடிகள்

மெதுவாக ஓடும் கணினியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது தூசியைத்தான். பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். தைஸ்தோ வீட்டில் டிவியோடு இணைத்த கணினிப் பெட்டியில் தூசி இல்லை. அவர் மனைவி மார்கெத்தா வாரம் ஒருமுறை அதன் பின்பக்கத்தைக்கூடத் துடைப்பார்.

அந்தப் பெட்டியை அவர்களுக்குக் கட்டிக்கொடுத்தவன் நான்தான். தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறி பழைய வீடியோ ரெக்கார்டர்கள் எல்லாம் குப்பைக்குப் போன வருடம் அது. கிடைத்த பாகங்களைச் சேர்த்து, லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டு, இரண்டு சேனல்களை ஒரே சமயத்தில் பதிவுசெய்யும்படி அமைத்தேன். அவர்கள் மூன்றாம் மாடி, நான் முதல் மாடி. பத்தொன்பது வருடம் வேலை பார்த்த தொழிற்சாலை என்னை அனுப்பிவிட்டிருந்தது. அதற்குப்பின் என் தொலைபேசியில் அழைத்தது வேலைவாய்ப்பு அலுவலகம் மட்டும். என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு. கடையில் பால் வாங்கும்போது குரல் சரியாக வராமல் செருமிக்கொள்வேன். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை மார்கெத்தா கூப்பிட்டார். ரிமோட்டை அழுத்தினால் பட்டியல் திறக்க அரை நிமிடம் ஆகிறது, படம் திக்கித்திக்கி ஓடுகிறது, பதிவுகள் பாதியில் அறுந்துபோகின்றன என்றார். போனேன். டிஸ்க்கிலிருந்து வரும் கேபிள் தளர்ந்திருந்தது. தரவு வந்துசேராமல் கணினி திரும்பத்திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. புதுக் கேபிள் போட்டேன். எல்லாம் பத்து நிமிட வேலை.

சமையலறையில் சால்மன் சூப் கொதிக்கும் மணம் வந்தது. நான் கோளாறு தீர்ந்ததைச் சொல்லாமல் இரண்டு மணி நேரம் திரையில் எதையெதையோ ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மூன்று பேரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது, "இன்னும் முழுசா சரியாகல, அடுத்த வியாழக்கிழமை வந்து பாக்குறேன்" என்றேன். என் வாயிலிருந்து அது தானாக வந்தது.

அடுத்த வியாழன் போனபோது பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மார்கெத்தா சந்தோஷமாக, "இனி உனக்குத் தொந்தரவு இல்லப்பா" என்றார். அன்று மாலையே என் வீட்டிலிருந்து இணையம் வழியாக அவர்கள் கணினிக்குள் நுழைந்து, தானாக ஓடும் ஒரு வேலையை வைத்தேன். வியாழன் காலை எட்டு மணிக்கு அது எழும். டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும், முடிந்ததும் மறுபடி படிக்கும். வழக்கமான பராமரிப்பு வேலை போலத் தெரிகிற பெயரைக் கொடுத்தேன். எட்டரைக்குப் படம் திக்கும். ஒன்பதேகாலுக்கு என் தொலைபேசி அடிக்கும். தவறாமல் அடித்தது.

தைஸ்தோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது எழுபத்தொன்று. ஏரியில் மரக்கட்டைகளை இழுத்துப்போகும் படகில் முப்பது வருடம் கேப்டனாக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பாதி போயிருந்தன. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நான் இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

"வாங்க டாக்டர்" என்பார் என்னை. "நோயாளிக்கு இன்னிக்கும் மூச்சு வாங்குது."

"எந்த நோயாளி?" என்பேன்.

"பெட்டி, நான், ரெண்டுல ஒண்ணையாவது எழுப்பி நடக்கவிடு. எது எந்திரிச்சாலும் மார்கெத்தா உனக்குப் பன் சுட்டுக் குடுப்பா."

"பாவம், அந்த மனுஷன் சாப்பிட வர்றானா, ரிப்பேர் பண்ண வர்றானான்னு ஏன் கிண்டல் பண்ற?" என்று மார்கெத்தா உள்ளிருந்து குரல் கொடுப்பார். அந்த வீட்டில் என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அந்தப் பெட்டியில் ஒரு பதிவு இருந்தது. மரக்கட்டை மிதவைகளைப் பற்றிய பழைய படம், எப்போதோ மறு ஒளிபரப்பு ஆனது. அதில் முப்பது வயதுத் தைஸ்தோ இழுவைப் படகின் சுக்கானைப் பிடித்தபடி பதினொரு விநாடி நிற்பார். தொப்பியை ஒருமுறை தள்ளிவிட்டுக்கொள்வார். அவ்வளவுதான். அவர் இளமையில் அசைகிற படம் உலகத்தில் அது ஒன்றுதான். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். "பாரு, ரெண்டு கையும் என்னா வேல செய்யுது" என்பார்.

நவம்பரில் அவர் நூலகத்திலிருந்து ஒரு லினக்ஸ் புத்தகத்தை வரவழைத்தார். ஒற்றைக் கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கற்றுக்கொண்டார். ஒரு வியாழக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது திரையில் வேலைகளின் பட்டியல் விரிந்திருந்தது.

"இல்போ, இங்க வா. இது வியாழக்கிழம எட்டு மணிக்கு மட்டும் கெளம்புது. டிஸ்க்க பூரா படிக்குது, முடிச்சிட்டு மறுபடியும் படிக்குது. இதால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"அது சிஸ்டம் தானா வச்சுக்கிற பராமரிப்பு."

"என் படகு எஞ்சின் முப்பது வருஷத்துல தானா எதையும் வச்சுக்கிட்டதில்லயே. யாராவது வச்சிருந்தாத்தான் இருக்கும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.  மார்கெத்தாவுக்குத் தெரிந்தால் அந்தக் கதவு எனக்கு மூடிவிடும். மீண்டும் பால்கடை, மீண்டும் செருமல். என்னால் முடியாது என்று தோன்றியது. நீங்கள் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதனுக்கு வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாடும் பேச்சும் வேண்டியிருப்பது பெரிய ஆசை அல்ல.

அன்றே அந்த வேலையை எடுத்துவிட்டேன். இனி அவர் சொல்வதை யாரும் நம்பக் கூடாது என்று, அடுத்த வாரம் என் வீட்டிலிருந்தபடி அவர் பார்க்கக் காத்திருந்த ஹாக்கி ஆட்டத்தின் பதிவை அழித்தேன். பிறகு கணினியின் குறிப்பேட்டைத் திருத்தினேன். எந்தப் பதிவை எப்போது யார் அழித்தார்கள் என்பது அதில் வரிவரியாக இருக்கும். வலைவழி வந்த ஆணை என்பதை ரிமோட் பொத்தான் என்று மாற்றினேன். ரிமோட் எப்போதும் தைஸ்தோவின் போர்வைக்குள் இருக்கும்.

"நீதான் அரைத் தூக்கத்துல அழுத்தியிருக்க" என்றார் மார்கெத்தா, நான் காட்டிய அந்த வரியைப் பார்த்துவிட்டு.

"நான் அழுத்தல."

"எழுதியிருக்கே, தைஸ்தோ."

"எழுதுனது யாருன்னு கேளு."

இன்னும் நான்கு பதிவுகளை அழித்தேன். டிசம்பர் முழுக்க அவர் கத்தினார், பிறகு கத்துவதை நிறுத்தினார். ஒருநாள் என்னிடம் மெல்லிய குரலில், "நெசமாவே நான்தான் செய்யறனா? சொல்லு, நீ பொய் சொல்ல மாட்ட" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். "மருந்து அப்படிப்பட்டது" என்றேன்.

ஆனால் அவர் முழுதாக நம்பவில்லை. அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தப் பேச்சுக்குப் பிறகு, படகுச் சங்கத்துக்கு உறைகள் அச்சடித்த பழைய பிரின்டர் ஒன்றைத் துணி அலமாரிக்குள், குளிர்கோட்டுகளின் கீழே வைத்து, ஒவ்வொரு அழிப்பு ஆணையும் வரும்போதே தாளில் அச்சாகும்படி செய்துவைத்திருந்தார். கோப்பைத் திருத்தலாம், அச்சான தாளைத் திருத்த முடியாது. எளிமையான யோசனை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஜனவரியில் மருத்துவமனையிலிருந்து அவரை நினைவாற்றல் பரிசோதனைக்கு அழைத்தார்கள். கேள்விகளுக்கு அவர் தெளிவாகப் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர்கள் காலையில் கிளம்பிப் போனதும், படகு வந்த அந்தப் படத்தை அழித்தேன். அழித்த நேரத்தை அவர் வீட்டில் இருந்த நேரமாக மாற்றினேன்.

நான் அத்தனை சிரமப்பட்டிருக்க வேண்டாம். தேதி, கிழமை, பிரதமர் பெயர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவர், கடைசியில் மருத்துவரிடம், "கீழ்வீட்டுக்காரன் கம்பி வழியா என் டிவிக்குள்ள வந்து எதையெல்லாமோ அழிக்கிறான்" என்றாராம். மார்கெத்தா அழுதுகொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உண்மையைச் சொன்னதற்காக அவரைக் கவனிப்பில் வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்தே ஏரியின் எதிர்க்கரையிலுள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு என்று சொன்னார்கள்.

மார்கெத்தா அவருக்குப் பார்க்கக் கொடுக்கலாம் என்று அந்தப் படத்தை ஒரு டிவிடியில் பதிந்துதரச் சொன்னார். நான் தேடுவதுபோல் தேடினேன், அந்த வரியைக் காட்டினேன். "இத அவனேவா அழிச்சான்?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். மறுநாள் நிரந்தரமாக அங்கே சேர்க்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். அவரைத் தவறாக நினைக்காதீர்கள். தன்னையே அழித்துக்கொள்கிறவரை வீட்டில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நினைத்திருக்கிறார்.

அங்கிருந்து தைஸ்தோ தினமும் தொலைபேசியில் ஒன்றையே சொன்னார். "அலமாரிய பாரு. கோட்டுக்குக் கீழ பாரு. நான் எடுத்துக் காட்டறதுக்குள்ள என்னக் கொண்டாந்துட்டீங்க."

"அலமாரி அலமாரின்னே பொலம்புறான்ப்பா, பாக்கட்டுமா?" என்று மார்கெத்தா என்னிடம் கேட்டார்.

"இந்தக் கட்டத்துல அப்படித்தான் பேசுவாங்க. நீங்களும் கூடச் சேந்து தேடினா அந்தப் பிரமை இன்னும் கெட்டியாகிடும்" என்றேன்.

நானும் பார்க்கவில்லை. அங்கே ஏதாவது இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அவர் புத்தி பேதலித்தவர் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். வியாழக்கிழமைகளில் மார்கெத்தா எனக்காக மட்டும் சமைத்தார். பெட்டி அப்போது வேகமாக ஓடியது. நான் வருவதற்குக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் தாள்களிலும் மார்கெத்தாவின் வாக்குமூலத்திலும் இருக்கும். தைஸ்தோவின் இறுதிச்சடங்கு முடிந்து கோட்டுகளைத் தானம் கொடுக்க எடுத்தபோது அவர் அந்தத் தாள்களைக் கண்டார். ஒவ்வொரு ஆணையும் என் வீட்டிலிருந்து வந்தது என்று அதில் இருக்கிறது. அது சரிதான், நான் மறுக்கவில்லை. தாளில் இல்லாத ஒன்றும் உண்டு.

ஏப்ரல் பதினாறு, வியாழக்கிழமை, நல்ல வெயில். குளிர்காலமெல்லாம் உறைந்துகிடந்த ஏரியின் பனி உருகி மெலிந்து, வெளுப்பு போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது. அந்த நிறத்தில் யாரும் காலை வைக்க மாட்டார்கள். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மார்கெத்தா சமையலறையில் காபி வடித்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கரையிலிருந்து ஒரு கரும்புள்ளி வந்துகொண்டிருந்தது. கிழவர்கள் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் உந்திப் போவார்களே, அந்தச் சறுக்கு நாற்காலி. புள்ளி வலது காலால் மட்டுமே உந்தியது. பத்து உந்துக்கு ஒருமுறை நின்றது. மறுபடி உந்தியது. நேராக எங்கள் கட்டடத்தை நோக்கி.

அது யார் என்று எனக்குத் தெரியும். ஏன் வருகிறார் என்றும் தெரிந்தது: யாரும் பார்க்காத அலமாரியைத் தானே வந்து திறப்பதற்கு. தீயணைப்பு நிலையம் நான்கு நிமிடத் தொலைவில் இருக்கிறது. தொலைபேசி என் சட்டைப் பையில் இருந்தது.

"என்னப்பா அப்படிப் பாக்குற?" என்று மார்கெத்தா காபியோடு வந்தார்.

"வெயில் டிவியில அடிக்குது" என்றேன். எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

காபி குடித்தோம். ஒரு சமையல் நிகழ்ச்சியின் பதிவு ஓடியது, ஒருமுறைகூடத் திக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து திரையை விலக்கியபோது ஏரி வெறுமையாக இருந்தது. கரைக்கு நானூறு மீட்டர் இருக்கும்போது பனி உடைந்து உள்ளே போயிருக்கிறார் என்று பிறகு சொன்னார்கள். சறுக்கு நாற்காலி பனி விளிம்பில் நின்றுகொண்டிருந்ததாம்.

இதுதான் நான் செய்தது. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். இரண்டாம் மாடியில் ஐலா என்று ஒரு அம்மா தனியாக இருக்கிறார். மே மாதம் அவருக்கும் ஒரு பெட்டி கட்டிக்கொடுத்தேன். நல்ல மனுஷி, பட்டாணி சூப் வைப்பார். நாளை வியாழக்கிழமை, காலை எட்டரைக்கு அது திக்கத் தொடங்கும், பாவம், அவருக்கு என்னைவிட்டால் கூப்பிட யாரும் இல்லை. ஒரு மணி நேரம் என்னை அனுப்பிவைக்க முடியுமா?