உருகிய தாம்பூலப் பை

வணிகர் சங்கத் தலைவர், வாஞ்சை மிகுந்த சுந்தரபாண்டியன் அண்ணாச்சி அவர்களே! கடையைச் சாத்திவிட்டுக் காதைத் திறந்துவைத்திருக்கும் வணிகப் பெருமக்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! இவன் எப்போது முடிப்பான் என்று கைப்பேசியில் மணி பார்க்கும் இளைஞர்களே! கரிசல் மண்ணின் கறுப்பும் கனிவும் கலந்த என் வணக்கம்.

பை. பிளாஸ்டிக் பை. சின்னப் பொருள். கடையிலிருந்து வீடு வரை அதன் உழைப்பு. அதற்குப் பிறகு? சாகாது. காற்றில் ஏறும். கருவேல முள்ளில் கொடியேற்றும். கோடையில் வாய்பிளந்து கிடக்கும் கரிசல் மண், மழை கேட்கிறது. நாம் எதை ஊட்டுகிறோம்? கொத்தமல்லிக் காட்டில் உழுதால் கலப்பையில் சுற்றுவது எது? வேரா? கோரையா? பை!

ஆகவே நகராட்சி தடை போட்டது. யாரோ குரல் கொடுக்கிறார்கள்...

“பாக்டரியப் பூட்டச் சொல்லுங்க தம்பி!”

நன்றாகச் சொன்னீர்கள். பூ விற்கும் அக்காவிடம் அபராதம் கேட்கும் அதிகாரம், பை செய்யும் ஆலையின் வாசலிலும் நிற்க வேண்டும். கேட்போம். உரக்கக் கேட்போம். ஆனால் அதே பையில் வாழைப்பழத்தைத் தொங்கவிட்டுக்கொண்டா கேட்பது? எல்லாரும் சிரிக்கிறீர்கள். மூன்றாம் வரிசை அண்ணாச்சி மட்டும் எதையோ நாற்காலிக்கு அடியில் தள்ளுகிறார். தள்ளாதீர்கள் அண்ணாச்சி, பழம் நசுங்கிவிடும்.

ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன்.

எங்கள் தெருவில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கும் காளீஸ்வரி அக்காவின் மகளுக்குத் திருமணம். மேளம் குறைவில்லை, பந்தி குறைவில்லை. அக்காவின் மனத்தில் மட்டும் ஒரு முள். பசுவந்தனையிலிருக்கும் அண்ணன் வன்னியபெருமாள், வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திப் பல காலம். தாய்மாமன். வருவாரா?

வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்தார். தங்கையின் முகம் பார்க்கவில்லை. பந்திக்கு எழுந்து போனார். சாப்பிட்டதும் ஒரு சொல் பேசாமல் கிளம்பிவிடுவாரே என்பதுதான் அக்காவின் தவிப்பு.

வாசலில் தாம்பூலப் பைகள் குவிந்து கிடந்தன. தேங்காய், வெற்றிலை, பாக்கு. மணமக்கள் பெயர் அச்சிட்ட பச்சைப் பை. தடைக்குக் கட்டுப்பட்டு, “துணிப்பைதானே?” என்று கேட்டுக் கேட்டு வாங்கியது. அப்போது மொய் எழுத வந்தார் அடுத்த வீட்டு ஜரினா. நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். பையைத் தடவினார். முகம் மாறியது.

“யக்கா, இது துணியில்ல. பிளாஸ்டிக்கு.”

“ஏட்டி, கண்ணு தெரியலையா? நெசவு மாதிரில்லா இருக்கு!”

“ஒரு தீப்பெட்டி எடு.”

“கல்யாண வீட்டுல வந்து தீக்குச்சி கிழிக்கியே, நல்லாவா இருக்கு?”

“நான் கிழிக்கல. நீயே கிழி.”

தீப்பெட்டிக்குப் பேர்போன ஊரில் குச்சிக்கா பஞ்சம்? அக்கா கிழித்தார். பையின் காதில் வைத்தார். துணியென்றால் சாம்பலாகும். இதுவோ சுருண்டது, உருகியது, கறுப்பாய்ச் சொட்டியது. துணி இப்படியா அழும்?

பந்தி முடிந்து கூட்டம் வாசலை நோக்கி வருகிறது. அக்கா தலையில் கைவைத்துவிட்டார்.

“அண்ணன் வந்திருக்காவளே! இன்னைக்குப் பாத்து வெறுங்கையோட அனுப்பினேன்னா, செத்தாலும் எங்கூடப் பேசமாட்டாவ!”

சட்டம் பேசிய ஜரினா என்ன செய்தார் தெரியுமா? பைகளை ஓரம் கட்டினார். தன் பட்டு முந்தானையை விரித்தார்.

“யக்கா, இதுல போடு. முதல் தாம்பூலம் எனக்கு.”

அவ்வளவுதான்! அடுத்தவர் முந்தானை விரிந்தது. அதற்கடுத்தவர் துண்டு விரிந்தது. ஜீன்ஸ் போட்ட தம்பி ஒருவர் இரண்டு பாக்கெட்டிலும் தேங்காயைத் திணித்துக்கொண்டு கோயில் யானையாய் நடந்தார். அக்கா வாசலைவிட்டு நகரவே முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் கையாலே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டும்.

வரிசையில் வன்னியபெருமாள் வந்தார். ஒதுங்கிப் போக வழியில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். தரையைப் பார்த்தபடி.

அக்கா ஒரு தேங்காய் வைத்தார். இன்னொன்றும் வைத்தார்.

“எதுக்கு ரெண்டு?”

பேசிவிட்டார்!

“ஒண்ணு மதினிக்கு. அவியளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா அண்ணே?”

துண்டை முடிந்தார். மெதுவாய் முடிந்தார்.

“மறுவீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன்.”

பெரியோரே! அந்தப் பச்சைப் பை குவியலாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றைத் தூக்கியிருப்பார். பஸ் ஏறியிருப்பார். வரப்பு அப்படியே வளர்ந்திருக்கும். பையை வைத்து நாம் மிச்சம் பிடித்தது எதை? குனிவதை. நீட்டுவதை. நிமிர்ந்து முகம் பார்ப்பதை.

வணிகப் பெருமக்களே, திங்கள் முதல் உங்கள் கடையில் பை இல்லை என்று இன்று முடிவெடுக்கப் போகிறீர்கள். வாடிக்கையாளர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். மஞ்சப்பை நீட்டுவார், முந்தானை நீட்டுவார், சிலர் முகத்தை நீட்டுவார்! எதை நீட்டினாலும் பொருளைக் கையில் எடுத்து, ஒரு வார்த்தை கேட்டுக் கொடுங்கள். தடை நகராட்சி போட்டது. கொடுக்கிற கை நம்முடையது. அந்தக் கையில் எந்தக் காலத்து வழக்கும் ஒரு நொடியில் முடியும்.

பேச அழைத்த சங்கத்துக்கும், குறுக்கே குரல் கொடுத்துப் பேச்சுக்கு உயிர் தந்தவருக்கும், கொட்டாவியைக் கைதட்டலால் மறைத்த நல்லுள்ளங்களுக்கும் நன்றி. வாரேன். வணக்கம்!