பேசக்கூடாது, பாடணும்

அந்த வீடியோவ விடுங்கம்மா, வேற நூறு இருக்கு, காட்டுறேன். காபியக் குடிங்க, ஆறிப் போகுது. சென்னையிலேர்ந்து ரயிலேறி ஏ.எஸ்.ராவ் நகர்ல என் வீட்டத் தேடி வந்துட்டு, ஸ்டெல்லா ஸ்டெல்லான்னு அந்த ஒரு பேரையே சொன்னா எப்படி? முப்பத்தோரு பிள்ளைங்கள ஆப்பராவுக்குத் தயார் பண்ணியிருக்கேன்.

முறையா? அது என்ன பெரிய ரகசியம். ஆப்பரான்னா முழுக்கப் பாட்டுலயே நடக்குற நாடகம். அதனால நம்ம கிளாஸுக்குள்ள வந்துட்டா யாரும் பேசக்கூடாது, பாடித்தான் சொல்லணும். தண்ணி வேணுமா, பாடு. ஒண்ணுக்கு வருதா, பாடு. போலாரம் தாண்டி இருக்குற கவர்மெண்ட் ஸ்கூலு, பாட்டு டீச்சரக் கண்ணால கண்டதில்ல அதுங்க. முத வாரம் ஒரே சிரிப்பு. அப்புறம் அவுத்து விட்டுச்சுங்க பாருங்க கதைய! பாத்ரூம்ல புலி நிக்குதுன்னு ஒருத்தன் பாடுறான். ஹெட்மாஸ்டர் செத்துட்டார்னு ஒருத்தி பாடுறா, அந்த மனுஷன் வாசல்லயே நிக்கிறாரு! நான் எதையும் நம்பமாட்டேன், தடுக்கவும் மாட்டேன். சுருதி எறங்குது, இன்னொரு தரம்னு மட்டும் சொல்வேன்.

பேசினாவா? வெயில்ல நிக்கணும். கைக்கு மேடம், ஏன் மேடம்னு கேட்டா இன்னும் பத்து நிமிஷம். பாவமாவது புண்ணியமாவது, அதெல்லாம் பாத்தா இதுங்க தேறுமா? உங்க ஸ்டெல்லாவும் நின்னிருக்கா. பென்சில் காணோம்னு வாய் தவறிப் பேசிட்டா, ஏப்ரல் வெயில்ல ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் என் முன்னாடி ஒரு வார்த்தை சும்மா பேசினதில்ல அவ.

நல்ல குரல்தான், இல்லேங்கல. ரயில்வே வொர்க்‌ஷாப் ஆளுங்க, தமிழ்க் குடும்பம்தான், ஆனா பிள்ளைங்க வாயத் தொறந்தா தெலுங்கு. அவளுக்கு ஒரு தங்கச்சி, அஞ்சு வயசு, வால் மாதிரி பின்னாடியே வரும். உள்ள விட்டா கூடவே கத்தும். ஐயோ, அது ஒரு குரலா, தகர டப்பா! எல்லாருக்கும் சுருதி கெடுது, வெளிய போய் உக்காருன்னு தொரத்திட்டேன்.

வீடியோல ஸ்டெல்லா ஃபிராக் நனஞ்சிருக்கா? இருக்கும். தண்ணி டேங்கர் வந்து ஸ்கூல்ல தரைக்கடியில இருக்குற சம்ப் தொட்டிய ரொப்பிட்டுப் போகும். தண்ணி வழியும், பிள்ளைங்க அதுல ஆடும்.

சென்னைக்கா? வரமாட்டாம்மா. அவ இப்பப் பாடுறதில்ல. பேசுறதும் இல்லையாம். அவங்கம்மா சாப்பிடுறியான்னு கேட்டா தலைய ஆட்டுறாளாம், அவ்வளவுதான். நீங்க வீட்டுக்கெல்லாம் போக வேணாம். உங்க டிரஸ்ட் கூட்டத்துல அந்த வீடியோவ மட்டும் போடுங்க, என் முறைய பத்து ஸ்கூல்ல கொண்டு வர்றதுக்கும் சரின்னு பணம் குடுத்துடுவாங்க. உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன் தெரியுமா? இந்த ஊர்ல ஒருத்தருக்கும் காட்டல.

என்னது? தெலுங்கு தெரிஞ்ச ஆள வெச்சு, கீழ தமிழ்ல எழுத்து ஓட விடப் போறீங்களா?

நக்கோ. எழுத்தெல்லாம் வேணாம். குரல் போதாதா உங்களுக்கு? பாத்து அழுதேன்னு நீங்கதான சொன்னீங்க?

விடமாட்டீங்க போலிருக்கே. சரி, யாரோ ஒருத்தன் சொல்லித் தெரியுறதுக்கு நானே சொல்லிடறேன், எழுதிக்குங்க. மேடம், தங்கச்சி சம்ப்ல விழுந்துட்டா. அவ்வளவுதான் பாட்டு.

டேங்கர்காரன் மூடி போடாமப் போயிட்டான். ஸ்டெல்லா உள்ள கைய விட்டு எட்டிப் பாத்திருக்கா, எட்டல. ஓடி வந்து வாசல்ல நின்னு பாடினா. வார்த்தை காதுல விழலேன்னு பொய் சொல்லமாட்டேன், நல்லா விழுந்துச்சு. புலி மாதிரி இதுவும் ஒண்ணுன்னு நெனச்சேன். குரல் நடுங்குது, நிமிர்ந்து நில்லு, இன்னொரு தரம்னேன். பாடினா. கடைசி இடத்துல எறங்குது, மறுபடின்னேன். என்னமா உணர்ச்சி வருது இவளுக்குன்னு அப்பதான் போன எடுத்தேன்.

தூக்கினப்ப உசுரில்ல.

போலீஸ் டேங்கர்காரனத்தான் பிடிச்சுட்டுப் போச்சு. என்ன யாரும் ஒண்ணும் கேக்கல. கிளாஸ்ல முப்பது பிள்ளைங்க பாத்துட்டுத்தான் இருந்துச்சு, ஒண்ணு வாயத் தொறக்கணுமே! பேசக்கூடாதுன்னு நான் சொன்னத அப்படியே பிடிச்சுக்கிச்சுங்க சனியனுங்க. எனக்கு வயிறு எரியுதும்மா. யார் மேலன்னுதான் தெரியல.

அழாதீங்க. முன்ன பாத்தப்பவும்தான் அழுதீங்க. நீங்க பாத்தது மூணாவது தடவை பாடினது. அதுலதான் சுருதி சேந்துச்சு.