ரப்பர் மீனுக்கு ஒரு முள்

— அந்தச் சிவப்பு வேணாம் மருதைண்ணே. மூலையில கிடக்குதே கறுப்பு, அதைக் கொடுங்க.

— எது, இதா? அட லூர்து, இது லாரி டியூபுல வெட்டினதும்மா. தடிச்ச ரப்பரு. தண்ணியில இழுத்தா கட்டை வர்ற மாதிரி வரும். வாலு அசையவே அசையாது.

— பரவாயில்லண்ணே. கலங்கல் தண்ணிக்குக் கறுப்புதான் நல்லதுன்னு அவரே சொல்லியிருக்காரு.

— மாசி மாசம் கொள்ளிடத்துல ஏது தங்கச்சி கலங்கல்? மடுவுல தண்ணி தெளிஞ்சு, அடி மணல் தெரியுது. சொன்னாக் கேளு. தூண்டில்ல மாட்டுற ரப்பர் மீனுக்கு உசுரு வாலுலதான். இந்தச் சிவப்பைப் பாரு. சைக்கிள் டியூபை ரெண்டு பட்டையா வெட்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டி, வாலை மட்டும் ஒத்தைப் பட்டையா விட்டிருக்கேன். வயித்துல துளியூண்டு ஈயத் தகடு, மல்லாந்துடாம இருக்க. இரு, பஞ்சர் பாக்குற தொட்டியில இழுத்துக் காட்டுறேன். பாத்தியா? பாத்தியா எப்படி நெளியுது!

— நல்லாத்தாண்ணே நெளியுது. அதான் வேணாங்குறேன்.

— இது என்ன பேச்சு? புருஷனைப் படுக்கையில விட்டுட்டு, இந்த உச்சி வெயில்ல கோட்டர்ஸ்லருந்து நடந்து வந்து, இருக்கறதுல மட்டமானது எதுன்னு கேக்குறே!

— ஒர்க்ஷாப் சங்கு ஊதுற நேரமாண்ணே?

— இன்னும் இருக்கு. ஊதிட்டா பொன்மலை சைக்கிளு பூரா இங்கதான் வந்து நிக்கும், அப்புறம் வாயைத் திறக்க முடியாது. இந்தப் பெட்டி மேல உக்காரு. பிலோமினு எப்படி இருக்கான்?

— காலையில நாலு வாய் கஞ்சி குடிச்சாரு. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கொள்ளிடம் போகணும் லூர்து, தெம்பு வேணுமில்ல?"ன்னு சொல்லிச் சொல்லிக் குடிச்சாரு.

— பாத்தியா! வயித்துல கட்டி, இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்கங்கன்னு ஆஸ்பத்திரியில அனுப்பிவிட்ட மனுஷன். பாய்லர் ஷாப்புல இரும்போட மல்லுக்கட்டின உடம்பு, சும்மாவா? சரி, பழைய சாமானை எடு. அது என்ன துணி, ஒரே கிழிசலா இருக்கு?

— தலகாணி உறைண்ணே. வீட்ல எலித் தொல்லை. கடிச்சுக் குதறி வச்சிருக்கு. இது ரெண்டாவது உறை. தூக்கிப் போட மனசில்லாம, அவரு தூண்டில் சாமானைச் சுத்தி வச்சேன்.

— எலியா?

— கோட்டர்ஸ் பூரா எலிதாண்ணே.

— ம்... சரி, அதை அப்படி வை. இப்ப சொல்லு. உனக்கு என்னதான் வேணும்?

— மீன் கடிக்காத ரப்பர் மீனு.

— என்னது?

— சத்தம் போடாதீங்கண்ணே. கடிக்கக் கூடாது. கடிச்சாலும் மாட்டக் கூடாது.

— ஏம்மா, வெயில்ல வந்தது தலைக்கு ஏறிடுச்சா? அந்தக் கிழட்டு விராலுக்காகத்தான அவன் வண்டி கட்டிக்கிட்டு ஸ்ரீரங்கம் தாண்டி வாரான்? ஒர்க்ஷாப்புல இருந்த பெரேரா துரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுறதுக்கு முன்னாடி, அவரு சீமைத் தூண்டில் கம்பையே ஒடிச்சுட்டுப் போன விரால் அது!

— அதேதாண்ணே. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நடந்தது மறந்துபோச்சா உங்களுக்கு? கோயில் சாமியார் வந்து, சாகப்போறவங்களுக்கு எண்ணெய் தொட்டு வைக்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுத்துட்டுப் போயிட்டாரு. கோடித் துணிக்கு ஆளை அனுப்பியாச்சு. நான் தலைமாட்டுல உக்காந்து ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க வந்து காதுல என்ன சொன்னீங்க?

— அந்த விராலைத் திரும்பப் பாத்தேண்டா பிலோமினுன்னேன். சாகக் கிடக்குறவனுக்கு நல்ல சேதியா ஒண்ணு சொல்லுவோமேன்னுதான்...

— கண்ணைத் திறந்தாரு. "எந்த மடுவுல?"ன்னு கேட்டாரு. நீங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள கஞ்சி கேட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த மீனுதாண்ணே அவரை உக்கார வச்சிருக்கு. மருந்துமில்ல, மாத்திரையுமில்ல.

— அப்ப பிடிச்சுக் கொடுக்கணும்ல அவன் கையில!

— பிடிச்சுட்டா? "அதைப் பிடிச்சுட்டாப் போதும், மாதா கூப்பிட்ட நிமிஷமே கிளம்பிருவேன்"னு உங்க முன்னாடிதான சொன்னாரு. நீங்ககூட சிரிச்சீங்க. எனக்குச் சிரிப்பு வரலண்ணே.

— அது ஏதோ விளையாட்டுப் பேச்சு.

— போன ஞாயிறு நீங்களும்தான இருந்தீங்க? தண்ணி வெடிச்சுது, கம்பு வில்லா வளைஞ்சுது. இவரு "வந்துட்டான், வந்துட்டான்"னு கத்துறாரு. எனக்கு உசுரு இல்லண்ணே. மாதாவே, விடவச்சுரு, விடவச்சுருன்னு கையைப் பிசையுறேன். அப்புறம் வெறும் ரப்பர்தான் வந்து மணல்ல விழுந்துச்சு. "தப்பிச்சுட்டான் பாரு லூர்து"ன்னு அவரு சிரிச்ச பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. இந்த ஞாயிறு அது தப்பிக்காதுண்ணே. எனக்குத் தெரியும். அதான் ஓடியாந்தேன்.

— என்ன தங்கச்சி, அவனை ஏமாத்தச் சொல்றியா என்னை? ஒண்ணா மண்ணா பழகினவன். ஒரே ஒரு ஆசை வச்சுக்கிட்டுக் கிடக்குறான், அதுல போய் மண்ணள்ளிப் போடச் சொல்றியே, நியாயமா?

— ஏமாந்துட்டுத்தான் வரட்டுமே! ஏமாந்தா, அடுத்த ஞாயிறுன்னு ஒண்ணு இருக்கும்ல? நீங்க அவரு சிநேகிதரு, உங்களுக்கு அவரு சந்தோசம் பெருசு. எனக்கு அவரு இருந்தாப் போதும். புள்ள குட்டி இல்லாத வீடுண்ணே. சாயந்தரம் விளக்கைப் பொருத்திட்டுத் திரும்பினா, கட்டில்ல ஒரு ஆளு இருக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்.

— புரியுதும்மா. புரியாம இல்ல.

— அப்ப அந்தக் கறுப்பையே மாட்டிக் கொடுங்க. தூண்டில் முள்ளை நல்லா ஆழமா ரப்பருக்குள்ள புதைச்சுடுங்க. கேட்டா, பாசியில சிக்காம இருக்கன்னு சொல்லிக்கலாம்.

— பாசிக்கு மறைக்கறது அப்படியில்ல லூர்து. மூக்கு வழியா விட்டு, அடியில எடுத்து, முனையைத் திருப்பி முதுகுல லேசாச் சொருகி வைக்கிறோம். வெளிய தெரியாது, கோரையில இழுத்தாலும் சிக்காது. ஆனா விராலு கவ்வி அமுக்குச்சுன்னா ரப்பரு மசிஞ்சு கொடுக்கும், முள்ளு வெளிய வந்து வாயில ஏறிடும். அதுதான் அதுல சூட்சுமமே.

— வெளிய வராம இருக்க ஒரு வழி சொல்லுங்கண்ணே. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

— அய்ய, கையை இறக்கு. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? கையை இறக்கும்மா... சரி, அந்தத் துணியைப் பிரி. போன ஞாயிறு போட்ட மீனு அதுல இருக்கா?

— இருக்கு.

— எடு. முதுகுல கட்டைவிரலை வச்சு அமுக்கு.

— குத்துமேண்ணே.

— அமுக்கு, சொல்றேன்ல. இன்னும் நல்லா.

— குத்தலையே. மொழுக்குன்னு இருக்கு.

— குத்தாது. முனையை அரத்தால ராவி எடுத்தாச்சு. பொங்கல் கழிஞ்சதுலருந்தே அப்படித்தான். போன ஞாயிறு விராலு விட்டது மாதா செஞ்ச வேலையில்ல.

— அண்ணே! அப்ப நீங்களும் என்னை மாதிரியே நினைச்சு...

— நான் இல்லம்மா. ராவ மாட்டேன்னு சண்டைதான் போட்டேன். அவன்தான் ராவச் சொன்னான்.

— அவரா? அவருக்குத்தான அந்த மீனு வேணும்!

— வெளிய விடக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான், பாவி. "இது மாட்டிக்கிச்சுன்னா லூர்து ஒடைஞ்சு போயிருவாடா மருதை. நான் கஞ்சிக்கு வாயைத் திறக்குறப்ப அவ மூஞ்சியை நீ பாக்கணும். எனக்கு எப்பவோ போதும்னு ஆயிருச்சு. அவளுக்காகத்தான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கேன்"னான்.

— போதும்னு ஆயிருச்சா? வலிக்குதான்னு தினம் கேக்குறேனேண்ணே. இல்ல லூர்து, ராத்திரி நல்லாத் தூங்கினேம்பாரே!

— லூர்து... உங்க வீட்ல எலி இல்லம்மா.

— என்னண்ணே சொல்றீங்க?

— வலி வர்றப்ப, நீ முழிச்சுக்குவேன்னு தலகாணியைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கான். அவனே என்கிட்ட சொன்னான்.

— சேசுவே...

— சொல்லியிருக்கக் கூடாது. இந்த வாயை வச்சுக்கிட்டு நான்...

— பொறி வாங்கி வச்சேண்ணே. கட்டிலுக்கு அடியில. கருவாட்டுத் துண்டு சொருகி வச்சேன். காலையில குனிஞ்சு பாத்தா அப்படியே இருக்கும். "உஷாரான எலி லூர்து"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அவருகூடச் சேர்ந்து நானும் சிரிச்சேண்ணே!

— அழாதேம்மா. இந்தா, தண்ணி குடி. கொஞ்சமாவது குடி.

— சங்கு ஊதிருச்சு. கடைக்கு ஆளு வருவாங்க.

— வரட்டும், நிக்கட்டும். நீ உக்காரு.

— அந்தக் கறுப்பை உள்ள வச்சுடுங்கண்ணே.

— வச்சுட்டேன். இந்தப் பழசையே துடைச்சுத் தரேன், எடுத்துட்டுப் போ. அவனுக்குத் தெரிய வேணாம், நீ கேட்டதும் நான் சொன்னதும்.

— பழசு வேணாம். அந்தச் சிவப்பை எடுங்க. வாலு நெளியுதே, அது.

— தங்கச்சி...

— உங்ககிட்ட இருக்கறதுலயே கூரான முள்ளா மாட்டுங்கண்ணே.