நீர்யானை வரைந்து மெமோ வாங்கிய எங்கள் வரைவாளருக்கு

கோணாத கோட்டுக்குச் சொந்தக்காரரே! குழாய்க்கும் கண்ணும் மூக்கும் வைத்த குறும்புக்காரரே! குடிநீர் அலுவலக வரைபடப் பிரிவை முப்பத்திரண்டு ஆண்டுகள் முதுகில் சுமந்து இன்று ஓய்வு பெறும் மூத்தவரே! வணக்கம்.

தங்கள் வரைபடத்தை நம்பித் தோண்டிய தெருவில் குழாய் இல்லாமல் போனதில்லை. தாங்கள் தாமதமாய் வந்ததில்லை, தடித்த சொல் சொன்னதில்லை. இவ்வளவையும் மேலாளர் தம் உரையிலேயே சொல்லிவிட்டார். அவர் மென்று விழுங்கியதை நாங்கள் சொல்கிறோம், கோபத்தோடுதான் சொல்கிறோம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும், வீணான வரைபடம் ஒன்றின் பின்புறத்தில் எங்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கித் தருவார். தாங்கள் அதைத் தலைகீழாய்த் திருப்பி, நாக்கை ஓரமாய்த் துருத்திக்கொண்டு, குடை பிடித்த கோழியாகவோ செருப்புத் தேடும் பூரானாகவோ ஆக்கிவிடுவீர்கள். அளவுகோல் கிடையாது, அழிப்பான் கிடையாது. வரைந்ததைப் பார்த்து முதலில் சிரிப்பவரும் தாங்களே!

அப்படிப் பிறந்த நீர்யானை ஒன்று, நீர்த்தொட்டிக் கோப்போடு தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தது. தாளின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக் கோப்பில் சேர்த்தவர்கள் நாங்கள். மெமோ வந்ததோ தங்களுக்கு! "இதென்ன பாலர் பள்ளியா?" என்று மேலாளர் கூடம் அதிரக் கத்தினார். மேலாளரே, அது எங்கள் சாப்பாட்டு நேரம்! அந்த நீர்யானையால் எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றது?

எங்கள் மேலும் எங்களுக்குக் கோபம். "சேர்த்தது நாங்கதான் சார்" என்று சொல்லப் பதினொரு வாய்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. தங்கள் மேலும் கோபம்! "விடுங்கப்பா, போற நேரத்துல எதுக்கு வம்பு" என்று, இனிக் கிறுக்கமாட்டேன் என எழுதிக் கொடுத்துவிட்டீர்களே! எட்டு மாதமாய் அந்தக் கை நேர்கோடு மட்டுமே போட்டது. தங்கள் துணைவியார் நேற்று சொன்னார்: "வீட்லயும் பென்சிலத் தொடறதில்ல. பேத்தி பேப்பர நீட்டினா, 'தாத்தாவுக்கு வராதும்மா'ங்கறார்." அந்தப் பொய்யைச் சொல்லத் தங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நோயின்றி நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது எளிது. கையைக் கட்டிக்கொண்டு நூறாண்டு வாழ்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்? ஆகவே இம்மடலின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டிருக்கிறோம். மடலை மாட்டிய சட்டத்துக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. இதோ பென்சில். இந்த மேடையிலேயே, மேலாளர் பார்க்க, மனம் போனபடி வரையுங்கள். கோணலாய் வந்தால் கொண்டாட்டம்!

தாங்கள் வரைந்து முடித்ததும், அன்று நீர்யானைத் தாளைக் கோப்பில் சேர்த்தவர்கள் நாங்களே என்று இம்மடலின் அடியில் எழுதி, பதினொரு பேரும் கையெழுத்திடுகிறோம். மேலாளர் மெமோவை எங்களுக்குத் தரட்டும்.

இவண்,
எட்டு மாதம் வாய் மூடியிருந்த
வரைபடப் பிரிவு ஊழியர்கள்