கிளட்ச் இல்லாத வண்டி

ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸில் ஊற்றும் ஆயில் ரோஸ் சிரப் மாதிரி சிவப்பாக இருக்கும். இந்த வருஷம்வரை எனக்கு அது தெரியாது. முப்பது வருஷமாக லாரியும் அம்பாசிடரும் வைத்திருந்தவன் நான். ஆயில் என்றால் எனக்குத் தெரிந்த நிறம் வேறு. டின்னைத் திறந்ததும் கெட்டுப்போன சரக்கோ என்று கேட்டேன். பீம்ராவ் சிரித்தான்.

"புதுசுன்னா செவப்பாத்தான் இருக்கும் மாமா. கறுத்துப் போனாதான் கெட்டது."

ஐயா, நீங்கள் போன மாதம் என் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது, அது விபத்து என்று நானே சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். இன்று நானாக வந்திருக்கிறேன். மனநிலை சரியில்லாமல் வந்திருக்கிறேன் என்று உங்கள் ஏட்டய்யா நினைக்கிறார், டீ வாங்கி வரச் சொன்னார். எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் இட்லி சாப்பிட்டேன், கடையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

என் பெயர் ஞானதுரை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். தண்டையார்பேட்டையில் பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம். ராயபுரத்தில் சொந்த வீடு. மனைவி ரோஸ்மேரி. ஒரே மகள் மகிமா, துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்த்தாள்.

அந்தக் காரை வாங்கியது நான்தான். வெளிநாட்டிலிருந்து யாரோ தப்பான காகிதத்தோடு இறக்கி, சுங்கத்துறை பிடித்து, துறைமுக யார்டில் வருஷக்கணக்காகக் கிடந்த வண்டி. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். நிலக்கரித் தூசியில் அதன் மஞ்சள் நிறமே தெரியவில்லை. ஏலத்தில் எடுத்தேன். ஊரில் ஒரு டாக்டர் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணத்தன்று அவரும் மகிமாவும் அந்த வண்டியில் சர்ச்சிலிருந்து கிளம்பி வர வேண்டும் என்பது என் ஆசை. அப்பன் ஆசைப்படுவது தப்பில்லை.

மகிமா ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் பீம்ராவைப் பற்றிச் சொன்னாள். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பிரிவில் இன்ஜினியர். வியாசர்பாடி. அப்பா இல்லை, அம்மா மட்டும். வியாசர்பாடி என்று அவள் சொன்னதுமே ரோஸ்மேரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நீங்க சரின்னு சொன்னா சர்ச்சுல நடக்கும்பா. இல்லன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நடக்கும். எப்படியும் நடக்கும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. என்னிடமிருந்து கற்றுக்கொண்ட பழக்கம் அது.

நான் பையனைப் பற்றி விசாரித்தேன். குடிக்கிறானா, கடன் இருக்கிறதா, வேறு பெண் சகவாசம் உண்டா என்று ஆள் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு குறையாவது இருந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். குறை இருந்தால் அதைச் சொல்லி மறுத்திருப்பேன். அவன் இன்று உயிரோடு இருந்திருப்பான். இதை யாரும் யோசிப்பதில்லை.

நான் சம்மதித்தேன். ஆமாம், ஐயா. பாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பற்றியே பேசினார். சபையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பீம்ராவ் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தான். எங்கள் வீட்டுத் தம்ளரிலேயே அவனுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னேன். அவன் போனபிறகு ரோஸ்மேரி அந்தத் தம்ளரை எடுத்துத் தனியாக ஒரு தட்டில் கவிழ்த்து வைப்பாள். நான் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. ஏன் செய்கிறாய் என்று கேட்டதும் இல்லை.

பிறகு ஊரிலிருந்து என் தம்பி செல்வநாதன் போன் செய்தான். அவன் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோயிருந்தது.

"அண்ணே, நீங்க மெட்ராஸ்ல இருக்கீய. உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. இங்க தெருவுல நடக்கது நாங்கதான். எம் புள்ள என்ன பாவம் செஞ்சா?"

அவன் அழுதான். நான் நிதானமாக யோசிக்கிறவன். மறுத்தால் மகிமா போய்விடுவாள். ஞானதுரை மகள் ஓடிப்போனாள் என்று ஆகும். சம்மதித்தால் தம்பி குடும்பம் தெருவுக்கு வரும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை விபத்தில் போய்ச் சேர்ந்தால் அந்தப் பெண்ணை யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். அவளுக்காக இரக்கப்படுவார்கள். இரண்டு வருஷம் கழித்து, ஒரு டாக்டர் இல்லாவிட்டாலும் ஒரு வாத்தியார் கிடைப்பார். எப்படிக் கணக்குப் போட்டாலும் எனக்கு இதே விடைதான் வந்தது.

வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தது பீம்ராவ்தான். அவனுக்குக் கார் பைத்தியம். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். கியர் விழுவதற்கு நேரமாகிறது, விழும்போது உதைக்கிறது என்றான்.

"வெளில வுடாதீங்க மாமா. கியர் பாக்ஸையே கழட்டிப் போட்டுடுவாங்க. ஆயிலும் ஃபில்டரும் மாத்துனா போதும். நானே மாத்திடறேன், நம்ம வூட்லயே." பிறகு என்னைப் பார்த்து, "வீட்லயே" என்று திருத்திக்கொண்டான்.

நம்ம வீடு என்று சொன்னதைத் திருத்திக்கொள்ளவில்லை.

ஃபில்டரைக் கப்பலில் வேலை செய்யும் நண்பனிடம் சொல்லி சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரோஸ்மேரியையும் மகிமாவையும் கல்யாணப் புடவை பார்க்க தி.நகருக்கு அனுப்பினேன். பின்பக்க ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குடோன் காவலாள் இசக்கிப்பாண்டி வாசலில் இருந்தான்.

ஜாக்கி போட்டு வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்தினான் பீம்ராவ். பின்சக்கரங்கள் தரையில் இருந்தன. அவற்றின் பின்னால் ஒரு மரக்கட்டையை அணைவாக வைத்தான்.

"ஹேண்ட் பிரேக் கேபிள் துரு புடிச்சிப்போச்சு மாமா. நமக்கு இந்தக் கட்டைதான் ஹேண்ட் பிரேக்."

கீழே படுத்து, கியர் பாக்ஸின் அடியில் இருக்கும் தகரத் தட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். பழைய ஆயில் டிகாஷன் மாதிரி இறங்கியது, தீய்ந்த வாடையோடு. தட்டின் மூலையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தது. அதில் மாவு போல இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. துடைப்பதற்கு முன்னால் வெளியே வந்து என்னிடம் காட்டினான்.

"தூளாத்தான் இருக்கு, துண்டு ஒண்ணுகூட இல்ல. வண்டி உசுரோட இருக்கு மாமா, பொழைச்சிக்கும்."

அவன் முகத்தில் கரி. குழந்தைக்கு நல்ல மார்க் வந்த மாதிரி சந்தோஷம். நல்ல பையன், ஐயா. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

புது ஃபில்டரைப் பொருத்தினான், தட்டைத் துடைத்து மாட்டினான், மேலே வந்து குழாய் வழியாகச் சிவப்பு ஆயிலை ஊற்றினான். பிறகு என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தான். என்ஜின் ஓடும்போது லீவரை ஒவ்வொரு இடத்துக்கும் நகர்த்தினால்தான் ஆயில் உள்ளே எல்லாப் பக்கமும் பரவுமாம். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சொல்லிக்கொடுத்தான்.

"இதுல கிளட்ச்சு இல்ல மாமா. எடது காலுக்கு வேலையே கெடையாது. வலது காலால பிரேக்கை மிதிங்க. இந்தப் பட்டனையும் அமுக்குங்க. ரெண்டும் சேந்தாதான் லீவர் P-ய வுட்டு வரும், P-ன்னா பார்க்கிங்கு. கொயந்தைங்க வெளையாடுனாக்கூட வண்டி நகராது."

இரண்டு மூன்று முறை செய்து பார்த்தேன். சரியாக வந்தது. என்ஜின் சூடாகட்டும், டீ சாப்பிடலாம் என்றேன். அவன் குழாயடிக்குக் கை கழுவப் போனான். நான் இறங்கி, மரக்கட்டையைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். ஆனால் முடிவு செய்திருந்தேன்.

டீ குடித்துவிட்டு, தட்டின் ஓரத்தில் கசிவு இருக்கிறதா பார்க்க வேண்டும் என்றான். என்ஜின் ஓடும்போது பார்த்தால்தான் தெரியுமாம். "P-லதான இருக்கு மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அது உண்மைதான். முதுகை வைத்துக் கீழே நகர்ந்து போனான். அவன் செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. டார்ச் வெளிச்சம் தரையில் அலைந்தது.

"கசியல மாமா," என்றான் கீழேயிருந்து. "சூப்பரா கீது."

அந்த முறை அவன் திருத்திக்கொள்ளவில்லை.

பிரேக்கை மிதித்தேன். பட்டனை அமுக்கினேன். லீவரை R-க்கு, ரிவர்ஸுக்கு இழுத்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தேன். வண்டி பின்னால் போய், ஸ்டாண்டிலிருந்து இறங்கியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த இசக்கிப்பாண்டி, தரையைப் பார்த்துவிட்டு, "ஐயோ மொதலாளி, ரத்தம்" என்று தலையில் அடித்துக்கொண்டான். அது ஆயில் என்று அவனிடம் சொன்னேன். தட்டு நசுங்கிப் புது ஆயில் முழுவதும் வெளியே வந்திருந்தது. ரத்தம் அதிகம் இல்லை.

உங்களிடம் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? கியரை மாற்றச் சொன்னான், முப்பது வருஷப் பழக்கத்தில் என் கால் கிளட்சைத் தேடியது, இல்லாத கிளட்சுக்குப் பதில் எதையோ மிதித்துவிட்டது என்றேன். நீங்கள் ஜீப் ஓட்டுகிறவர். உடனே புரிந்துகொண்டீர்கள். பிரேக்கையும் பட்டனையும் சேர்த்து அமுக்காமல் அந்த லீவர் நகராது. வண்டியைச் சோதித்தவர்கள் உட்பட யாரும் அதைக் கேட்கவில்லை. கட்டை ஏன் சுவர் ஓரம் கிடந்தது என்றும் கேட்கவில்லை.

நான் போட்ட கணக்கில் ஒன்று மட்டும் தப்பாகிவிட்டது. அடக்கம் முடிந்து மகிமா வீட்டுக்கு வரவில்லை. வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு மாடியில், அவன் அம்மா குப்பம்மாவோடு இருந்துவிட்டாள். அங்கிருந்தே ஆபீஸ் போய்வருகிறாள். நான் கூப்பிடப் போனபோது படியிலேயே நின்று பேசினாள்.

"உங்க மேல கோவம் இல்லப்பா. உங்க கால்தான தப்பு பண்ணுச்சு. ஆனா அத்தைக்கு யாரும் இல்ல. நான் இங்கதான் இருப்பேன்."

அத்தை என்கிறாள், ஐயா.

போன வாரம் அந்த அம்மாள் என் கடைக்கே வந்துவிட்டாள். மூட்டை தூக்குகிறவர்கள், வாடிக்கையாளர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேராகக் கல்லாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் விற்கிறவள், மீன் கழுவிய ஈரம் காயாத கை.

"சம்மந்தி, நீ மனசுல வச்சிக்கினு உருகாத. கால் தவறிப்போனதுக்கு நீ இன்னா பண்ணுவ? எம் புள்ள போய்ட்டான், அவ்ளோதான் அவனுக்கு. ஞாயித்துக்கெயம புத்தர் விகார்ல அவனுக்கு வந்தனம் வக்கிறோம். நீ வரணும். வராங்காட்டி நான் சோறு துன்ன மாட்டேன்."

அத்தனை பேர் முன்னால் சம்மந்தி என்றாள். கல்யாணமே நடக்கவில்லை.

நேற்று போனேன். போகாவிட்டால் பேச்சாகும். சின்ன ஹால். புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் பக்கத்தில் பீம்ராவ் படம், மாலையோடு. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். வேண்டாமென்று நானும் பாயில் உட்கார்ந்தேன். ஒருவர் எழுந்து பேசினார். இந்த மனுஷனும் நம்மைப் போலப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான், சாதி பார்க்காமல் பெண் கொடுக்க முன்வந்தவர், இவர் மேல் நம்மில் யாருக்கும் வருத்தம் இருக்கக் கூடாது, மனதார மன்னித்துவிடுவோம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். மகிமாவும் அவர்களோடு உட்கார்ந்து கைகூப்பினாள். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அது ஆறி ஏடு கட்டும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. பீம்ராவ் நினைவு என்று ரோஸ்மேரி நினைத்தாள். அவன் முகம் எனக்கு வரவே இல்லை. அந்தக் கூப்பிய கைகள்தான் வந்தன. நான் யார், அவர்கள் யார், ஐயா? எனக்கு மன்னிப்புக் கொடுக்கிற இடத்துக்கு அவர்கள் எப்போது வந்தார்கள்? இதை இப்படியே விட்டால் சாகும்வரை நான் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். என் கால் தவறவில்லை. தெரிந்தேதான் செய்தேன். கோர்ட்டில் என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். அவர்கள் கையால் மன்னிப்பு மட்டும் வாங்க மாட்டேன்.