வாசல்ல வைக்கிற வெட்பாலை எண்ணெய்

தலையை ஆட்டாம இரும் அண்ணாச்சி, கத்தி கன்னத்துல இருக்கு. எங்க வாசல்ல வெயில் காயுத எண்ணெய்க் கிண்ணம் எதுக்குன்னுதான கேட்டீரு? சொல்லுதேன்.

ரோடு, ரயிலு எதுவும் எட்டிப் பாக்காத காலமாம். இதே வெள்ளாங்கரையில மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. எங்க பூட்டனுக்கும் முந்தினவ. புருசன் செத்துட்டான். மவளைக் கட்டிக் குடுத்தாச்சு. மவன் ஊருக்கெல்லாம் சவரம் பண்ணுவான், ஆத்தாக்காரி ஊருக்கெல்லாம் மருந்து குடுப்பா.

அப்போ பண்ணையார் மவ உலகம்மைக்குக் கரப்பான். கழுத்து, முழங்கை மடிப்பு, காலு, எல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு நீர் வடியுதாம். கண்ட மருந்தும் போட்டாச்சு, கேக்கலை. மாடத்தியைப் புறவாசல் வழியாக் கூப்பிட்டாக. "ஏட்டி, இவளுக்குக் கரப்பான்னு தெரிஞ்சா எவனும் கட்ட மாட்டான். வெளிய மூச்சு விடப்படாது"ன்னாராம் பண்ணையாரு. "விடமாட்டேன் சாமி"ன்னாளாம் இவ.

வெட்பாலை இலையை இரும்பு படாமக் கையால கிள்ளி, தேங்காயெண்ணெயில போட்டு, தன் வாசல்ல வெயில்ல வச்சா. நாவப்பழ நெறம் வரணும், அதான் பக்குவம். தடவினா, தடவினா, மூணு மாசம் தடவினா. புண்ணு ஆறிச்சு.

கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைக வந்தாக. வாரவழியில ஒருத்தி மாடத்தி வாசல்ல கிண்ணத்தைப் பாத்துட்டா. "இது கரப்பானுக்குல்லா போடுவாக, யாருக்கு?"ன்னு கேட்டாளாம். என்ன சொல்லுவா? வாக்குக் குடுத்திருக்கா. "எம் மவனுக்குத்தான் தாயி"ன்னுட்டா.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துது. இங்க பேச்சுக் கெளம்பிட்டு. "கரப்பான் கை எம் மூஞ்சியில படணுமா?" கூப்பிடுத வீடு ஒண்ணொண்ணா நின்னு போச்சு. கரப்பான் தொத்தாதுய்யா. இன்னைக்கு டாக்டர் சொன்னா தலையாட்டுதீக, அன்னைக்கு மாடத்தி சொன்னா எவன் கேட்டான்? மொதல்ல நிப்பாட்டினது யாருங்கீரு? பண்ணையாரு. எல்லாந் தெரிஞ்ச மனுசன்.

மாடத்தி போயி நின்னா. "சாமி, எம் மவன் கைக்கு ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நீதானட்டி அப்படிச் சொன்னே? நானா சொல்லச் சொன்னேன்?"ன்னு உள்ள போயிட்டாராம். சோத்துக்கு வழியில்லாம மவன் கண்டிக்குக் கப்பலேறினான். போனவன் போனவந்தான்.

ரெண்டு வருசங் கழிச்சு உலகம்மை பிள்ளைக்கும் கரப்பான் கண்டுது. தூக்கிட்டு மாடத்தி வாசலுக்கே வந்துட்டா. அதுவரைக்கும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவ, அன்னைக்கு "ஆத்தா"ன்னு அழுதாளாம். மாடத்தி பிள்ளையைப் பாத்தா. வயிறு எரியத்தான் செஞ்சுது, ஆனாலும் பச்சைப்பிள்ளை என்ன பண்ணும்?

"இலை தாரேன். உங்கய்யா வீட்டு வாசல்ல தெரு பாக்க வை. எவ கேட்டாலும் உம் பிள்ளை பேரைச் சொல்லு. எம் மவனைச் சொன்னது போதும்"ன்னா.

வச்சா. சொன்னா. பண்ணையாரு கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்தாராம்.

அன்னையிலேருந்து இந்த ஊர்ல யாருக்குக் கரப்பானோ அவுக வாசல்லதான் கிண்ணம். கேட்டா பேரைச் சொல்லணும். சொன்னாத்தான் எண்ணெய் நெறம் மாறும்பாக. பச்சைப் புளுகு. வெயில் பட்டா மாறும், அவ்வளவுதான். இந்தக் கிண்ணம் எம் பேத்தி செண்பகத்துக்கு.

பண்ணையாரு பேரு கோயில் கல்லுல வெட்டியிருக்கு. உலகம்மை பேரும் ஊருக்குத் தெரியும். மாடத்தி மவன் பேரு என்னன்னு கேட்டுப் பாரும். ஒருத்தனுக்கும் தெரியாது. நான் மாடத்தி மவ வழி வந்தவன், எங்க வீட்டுலயும் தெரியாது.