காந்தப் பெட்டியில் மூன்று அரக்கு

விளக்கின் சுடராக நின்று நம் வீடுகளைக் காக்கும் அன்னையின் பாதங்களை முதலில் வணங்குகிறேன்.

சாக்பீஸ் பிடித்த கையால் எங்கள் தலைமுறையின் காதைத் திருகி, இன்று அதே கையால் மன்றத்தை வழிநடத்தும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அபிதகுசாம்பாள் அம்மையார் அவர்களே! திருவிளக்கு மன்றத்தின் மூத்த தாய்மார்களே! முன்வரிசைக்கு மதியமே கைக்குட்டை போட்டுவைத்த முன்யோசனைத் தாய்மார்களே! தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! தறிக்கு ஆளை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கும் அதைவிடப் பெரியோர்களே! சாப்பாட்டு வாசனை வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும் வாலிபச் செல்வங்களே! மன்றத்தின் செயலாளரும், பட்டு வியாபாரியும், எனக்குத் தாலி கட்டியவருமான திரு. சுப்பராயலு அவர்களே! அனைவருக்கும் சிரம் தாழ்த்திய வணக்கம்.

இன்று நம் மன்றம் மணப்பெண் அலங்காரக் கலைஞர் லாவண்யாவைப் பாராட்டுகிறது. லாவண்யா யார்? என் கொழுந்தனார் தீனாவின் மனைவி, என் ஓர்ப்படி. ஓர்ப்படியை ஓர்ப்படியே மேடையேறிப் பாராட்டுவதா? ஆரணியில் இதுவரை நடந்ததுண்டா? எங்கே, பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்! ஒரு கையும் எழவில்லை. ஆகவே இது சரித்திரம். சரித்திரம் நடக்கும்போது பக்கத்து ஊர் நாத்தனாரைப் பற்றிப் பேசுவதைச் சற்றே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆமாம் அம்மா, உங்களைத்தான்.

லாவண்யாவின் சொத்து எது? பொன்னா? பொருளா? பூமியா? இல்லை தாய்மார்களே, டப்பி! ஐ ஷேடோ என்று சொல்கிறார்களே, கண்ணிமையில் பூசும் வண்ணப்பொடி, அந்த டப்பி. ஒரு வண்ணத்துக்கு ஒரு டப்பி. பையில் டப்பி, பரணில் டப்பி, பாலுக்குப் பாத்திரம் எடுத்தால் பாத்திரத்துக்குள் டப்பி! ஒருமுறை சேவூரில் ஒரு கல்யாணம். மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவள் பைக்குள் கையை விட்டுத் துழாவுகிறாள். பச்சையைத் தேடினால் பழுப்பு வருகிறது. பழுப்பைப் போட்டுவிட்டுத் துழாவினால் மறுபடியும் அதே பழுப்பு வருகிறது. அந்தப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்:

“அக்கா, நான் அதுவரிக்கும் தூங்கிகினு இருக்கட்டுமா? கெடச்சதும் எழுப்புறீங்களா?”

அறையே சிரித்ததாம். அந்தச் சிரிப்பு லாவண்யாவுக்குத் தைத்தது. அடுத்த வாரமே காந்தம் பதித்த ஒரு தட்டையான பெட்டியை வாங்கி வந்தாள். டப்பிகளிலிருந்து பொடித் தட்டுகளைப் பெயர்த்தெடுத்து இதில் வரிசையாக ஒட்டிவிட்டால், எல்லா வண்ணமும் ஒரே பார்வையில் தெரியும். நல்ல யோசனைதானே? ஆனால் பெயர்ப்பது எப்படி? நான் அடுப்படிக்குள் நுழைகிறேன். தோசைக்கல்லில் ஐ ஷேடோ!

“இன்னாடி இது, கல்லுல போட்டு வறுத்துகினு இருக்கிற?”

“வறுக்கலக்கா. அடியில ஒட்டியிருக்கிற பசை எளகணும். சூடு கொஞ்சம் ஏறுனாலும் பிளாஸ்டிக்கே உருகிடும். பேச்சு குடுக்காதீங்க, சூட்டப் பாக்கணும்.”

“நாளைக்கு இதுல தோசை ஊத்துனா மினுமினுன்னு வருமே. எங்க வூட்டுக்காரரு அதையும் சுத்த ஜரிகைன்னு நெனச்சிக்கப் போறாரு.”

“பழைய கல்லுக்கா! பரண்ல கெடந்தது!”

கத்தி முனையால் நெம்பி நெம்பி எடுத்தாள். எடுத்துப் பெட்டியில் வைத்து, ஸ்கூட்டரில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கினாள். அவ்வளவுதான். திறந்து பார்த்தால் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு மறுநாள் குங்குமமும் மஞ்சளும் இறைந்த தெரு எப்படி இருக்குமோ அப்படி! காரணம் என்ன? தட்டு அலுமினியம். அலுமினியத்தைக் காந்தம் ஏறெடுத்தும் பார்க்காது. அழுதாளா? அழுதாள். அழுதுகொண்டே, உதிர்ந்த பொடியை நிறம் நிறமாக வழித்துச் சேர்த்து, இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு, துணி சுற்றிய காசால் அழுத்தி, மாவிளக்கு பிடிக்கும் பக்தியோடு மீண்டும் பிடித்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஓர் இரும்பு வில்லை ஒட்டினாள். பிறகு பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் ஒன்றுகூட அசையவில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“பேரு எழுதி வைக்கலியாடி?”

“என் கலருங்க எனக்குத் தெரியாதாக்கா? பெத்த புள்ளைங்க நெத்தியில யாருனா பேரு எழுதுவாங்களா?”

சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் காலி டப்பிகளை விட்டேனா? துணிக்குப் போடும் ஊக்கு வரையில் கணக்கு வைக்கும் கை இது, குப்பைக்கு அனுப்புமா? கழுவித் துடைத்து, குங்குமம் நிரப்பி, தை வெள்ளி விளக்குப் பூஜையில் தாம்பூலத்தோடு கொடுத்தேன். வாங்கிய கைகள் இங்கேதான் இருக்கின்றன. “என்ன அழகான சிமிழ், எந்த ஊரில் வாங்கினீர்கள்?” என்று கேட்டவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று இப்போது தெரிந்துவிட்டதா?

அதன்பின் வந்தது வைகாசிக் கல்யாணம். தெள்ளார் பக்கத்துச் சமண நயினார் குடும்பம். பெண் மஹிமா. புழுவைக் கொதிநீரில் இட்டு எடுக்கும் பட்டு தன் திருமணத்துக்கு வேண்டாம், அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலையே போதும் என்றது அந்தப் பெண். அதைக் கேட்டதும் நம் செயலாளர் திருவாய் மலர்ந்தருளினார்: “ஆரணிக்கு வந்து பட்டு வேணான்றது, திருப்பதிக்குப் போயி மொட்டை வேணான்ற மாதிரியில்ல இருக்குது!” சிரிக்காதீர்கள். அந்தப் பெண்ணின் கொள்கை அந்தப் பெண்ணுக்கு. சேலையில் சாகாத உயிர் கண்ணிமையில் மட்டும் சாகலாமா? சிவப்புச் சாயம் சிலவற்றில் கார்மைன் என்று ஒன்று கலக்கிறார்கள். பூச்சியைக் காயவைத்து அரைத்த சாயம். அது மட்டும் கூடாது என்று கேட்டுக்கொண்டாள் மஹிமா.

லாவண்யாவிடம் அரக்கு நிறம் மூன்று இருந்தது. அவற்றில் ஒன்றில் பூச்சி இல்லை என்று டப்பிகளில் இருந்த காலத்திலேயே படித்திருந்தாள். அந்தத் தைரியத்தில், “கரைக்குப் பொருத்தமா அரக்கே போடலாம்மா, நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று விடியற்காலை. சேலை கட்டிவிட நானும் போயிருந்தேன். மஹிமா கண்ணை மூடிக்கொண்டாள். லாவண்யா பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் திறந்தபடியே நின்றாள். பெற்ற பிள்ளைகளில் மூவர் ஒரே ஜாடை! எதில் பூச்சி? எதில் இல்லை? திருப்பிப் பார்த்தால் மூன்றின் அடியிலும் இரும்பு வில்லை.

“அக்கா... அந்த டப்பிங்க?”

டப்பிகள் எங்கே இருக்கின்றன? ஆரணியின் பூஜை அறைகளில்! உடனே மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன்: “தை வெள்ளிக்கி நான் குடுத்த சிமிழ ஜல்தியா கவுத்துப் பாருங்க. அடிச்சீட்டுல ஒரு கலர் வட்டம் இருக்கும். அது அரக்கா இருந்தா எனக்கு போன் பண்ணுங்க.” மூடியை மூடிவிட்டுக் கவிழ்க்கும்படி நான் சொல்லவில்லையாம். இன்றுவரை என்மேல் வருத்தமாக இருப்பவர்கள் வருத்தத்தைத் தயவுசெய்து சாப்பாட்டுக்குப் பின் தெரிவிக்கவும்.

முதலில் அழைத்தது இளமதி.

“அக்கா, எங்க வூட்டுது அரக்குதான். ஆனா சுத்த அரக்கு இல்ல, செங்கல் அடிச்ச அரக்கு. போட்டோ அனுப்பட்டுமா?”

“போட்டோவுல எல்லாச் செவப்பும் ஒரே செவப்புடி. வாயால சொல்லு. இன்னா எழுதியிருக்குது?”

“பொடி எழுத்துக்கா... கா... கார்மைன்.”

செங்கல் அடித்த அரக்கை லாவண்யா கண்ணாலேயே கண்டுபிடித்து ஒதுக்கினாள். பட்டு ஊரில் பிறந்த கண்ணுக்கு அது ஒரு வேலையா? மீதம் இரண்டு. மற்றச் சிமிழ்களில் எல்லாம் வேறு நிறம் என்று குழுவில் பதில் வந்துவிட்டது, பதில் வராத சிமிழும் இரண்டே. ஒரு சிமிழ் தன் சொந்தக்காரியோடு வெம்பாக்கத்துக்கு மகள் வீடு போயிருந்தது, போன் கிடைக்கவில்லை. மற்றொன்று நம் ஆதிலட்சுமி வீட்டில்.

“இருக்குதுக்கா. பூஜை ரூம்ல, அம்மன் காலடியில.”

“எடுத்துப் படி!”

“இன்னும் குளிக்கலியேக்கா.”

நான் என்ன சொல்லட்டும்? பரவாயில்லை, உள்ளே போ என்று சொல்ல இந்த நாக்கு எழுமா? குளிக்காமல் அந்த வாசற்படியைத் தாண்டாதவள்தானே நானும்!

“சரி, ஜல்தியா ஊத்திகினு வா.”

“வெள்ளிக்கிழமைக்கா. தலைக்கி ஊத்தணுமே.”

அங்கே ஆதிலட்சுமி தலைக்குக் குளிக்கிறாள். இங்கே எங்களுக்கு வியர்த்து ஊற்றுகிறது. வீடியோ எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். “எதுனா ஒண்ணு போடுங்கக்கா, கலர எடிட்டிங்ல மாத்திக்கலாம்” என்றார். மஹிமாவின் தாயார் சக்ரேஸ்வரி அம்மாள் கையைப் பிசைந்தார்: “முகூர்த்தம் நெருங்கிகினு இருக்குதும்மா. பாத்து முடிச்சி அனுப்புங்க.”

அந்த மண்டபத்தில் பாதி ஜில்லா கூடியிருந்தது. அன்று பெயர் கெட்டால் லாவண்யாவைக் கூப்பிட அடுத்த வீடு இருக்குமா? இரண்டில் ஒன்றைத் தொட்டுப் பூசியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? யாருக்குத் தெரிந்திருக்கும்? பூச்சி வந்து சாட்சி சொல்லுமா? ஆனால் அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

“தெரியாதத தெரியும்னு சொல்லிப் போட மாட்டேம்மா. வேற யாரையாவது கூட்டிகினு வந்தாலும் சரி. எனக்கு ஒண்ணும் தர வேணாம்.”

மூடிய கண் மூடியபடியே மஹிமா பேசினாள்.

“நான் உக்காந்துகினே இருக்கேன்க்கா. மாப்பிள்ளை எங்க ஓடிடப் போறாரு?”

போன் அடித்தது. ஆதிலட்சுமி. தலையில் சொட்டும் தண்ணீர் போனுக்குள்ளேயே கேட்கிறது!

“வட்டம் அரக்குதான்க்கா. குங்குமத்துப் பக்கத்துல வெச்சிப் பாத்தா கொஞ்சம் கத்திரிப்பூ அடிக்குது.”

“எழுத்து? ஒவ்வொண்ணா படி!”

படித்தாள் தாய்மார்களே, படித்தாள்! எழுத்துக் கூட்டிக் கூட்டி, தாலுகா ஆபீஸில் பட்டா படிப்பதுபோல் படித்தாள். கார்மைன் இல்லை. கடைசியில், “ஒரு பச்சை எலை படம்கூட போட்டிருக்குதுக்கா” என்றாள். கத்திரிப்பூ அடித்த அந்த அரக்கு மஹிமாவின் இமையில் ஏறியது. மணவறையில் அவள் கண்ணைத் திறந்தபோது, எங்கள் வீட்டுச் செயலாளரே “பருத்திக்கும் ஒரு களை இருக்குது” என்று ஒப்புக்கொண்டார். பட்டு வியாபாரியின் வாயில் இதைவிடப் பெரிய சான்றிதழ் வருமா?

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் லாவண்யா செய்த முதல் காரியம், தட்டுக்குத் தட்டு வில்லையின்மேல் பெயர் எழுதியதுதான்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தட்டுகளாவது போன தையில் இடம் மாறியவை. நாம்? பிறந்த வீட்டிலிருந்து பக்குவமாகச் சூடுகாட்டி நம்மைப் பெயர்த்தெடுத்தார்கள். புகுந்த வீட்டில் ஒட்டவைத்தார்கள். ஒட்டினோமா? ஒட்டினோம்! உலுக்கினாலும் விழாதபடி ஒட்டினோம்! ஒட்டியதில் குற்றமில்லை, வரிசையாய் இருப்பதும் அழகுதான். ஆனால் அடியில் எழுதியிருந்த பெயர் எங்கே போயிற்று? மளிகைக்கடைக்காரம்மா என்கிறோம், மாடிவீட்டம்மா என்கிறோம், இன்னாருடைய சம்சாரம் என்கிறோம். என் வீட்டுக்காரர் போனில் என் எண்ணை எப்படிப் பதிந்து வைத்திருக்கிறார் தெரியுமா? ‘வீடு’! நான் வீடா? அப்படியென்றால் எனக்கு ஏன் இன்னும் வெள்ளையடிக்கவில்லை? அங்கே கைதட்டும் ஆண்களே, உங்கள் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள். பார்த்தீர்களா, சத்தம் குறைந்துவிட்டது!

ஒரு பொடிக்கே தன் பெயர் தெரியாமல் ஒரு கல்யாணம் நின்றது என்றால், ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்தால் போதுமா, அழைக்க வேண்டாமா? அழைத்தால் போதுமா, எழுத வேண்டாமா?

செவிகொடுத்த சபைக்கும், இடையில் மணி அடிக்காத தலைவர் அம்மையாருக்கும் என் நன்றி. இப்போது நம் மன்றத்தின் கேடயத்தை லாவண்யாவுக்கு வழங்க வேண்டும். கொடுங்கள் அம்மா. அடடா, நல்ல கனம். என்ன பொறித்திருக்கிறார்கள்? ‘சிறந்த மணமகள் அலங்காரக் கலைஞர், திருமதி தீனதயாளன்.’

தீனதயாளனா? தீனா, நீயா அலங்காரம் செய்தாய்? எழுந்து நில்லப்பா, ஊர் பார்க்கட்டும்! இதை ஆர்டர் கொடுத்தவர் யார்? செயலாளரா? செயலாளர் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். உங்களிடம் இரவுச் சாப்பாட்டின்போது பேசிக்கொள்கிறேன்.

தலைவர் அம்மையாரின் அனுமதியோடு ஒரு சின்னத் திருத்தம். லாவண்யா, இப்படி மேடைக்கு வா. தீனா, அவள் பையைக் கொண்டுவா. தண்ணீர் பட்டாலும் அழியாது என்று மணப்பெண்களுக்குக் கண்ணோரம் தீட்டுவாயே, அந்த மையை எடு. பயப்படாதே, இது கண்ணல்ல, மரப்பலகைதான். அந்தப் பெயருக்கு மேலேயே எழுது. பெரிய எழுத்தாக எழுது. கடைசி வரிசைக்கும் தெரியட்டும்.

லா... வ... ண்... யா.

மை காயும் வரை யாரும் தொடாதீர்கள். சபைக்கு சாவித்திரியின் வணக்கம்.